ஐந்து கார்கள், ஒன்பது வாரம், ஒரு விற்பனை முகவர்

நான்காண்டு வேலை ஒப்பந்தத்தில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் புறப்படவிருக்கும் எனக்கு, இருபது ஆண்டுகளாகச் சேர்த்த ஐந்து கார்களை விற்க ஒன்பது வாரம்தான் இருந்தது. வண்டியைத் தம் முற்றத்தில் நிறுத்தி, விளம்பரம் செய்து, விற்றுக் கொடுத்துத் தரகு பெறும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர நிறுவனம் ஒன்றிடம் அவற்றை ஒப்படைத்தேன். குறைகளையும் எழுதப்போவதால் அதன் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் வண்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் நம் பந்தயத் தடங்களில் ஓப்பலும் பி.எம்.டபிள்யூவும் மோதிக்கொண்டதால் பிறந்த இரண்டு வண்டிகள்தாம் என் தொகுப்பின் உயிர். போர்ட் எலிசபெத்தில் டெல்டா நிறுவனம் தயாரித்த ஓப்பல் கடெட் 'சூப்பர்பாஸ்', பந்தயத்தில் கலந்துகொள்ளத் தேவைப்பட்ட 500 வண்டிகள் என்னும் தயாரிப்பு எண்ணிக்கையை எட்டுவதற்காகவே உருவானது. தெருவில் போகிறவர் கண்ணுக்கு அது கடெட்டின் சாதாரண ஜிஎஸ்ஐ வகைதான். ஆனால் இஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட் வேறு, ஆற்றல் 125 கிலோவாட். அதற்குப் பதிலடியாக வந்தது பி.எம்.டபிள்யூவின் 2.7 லிட்டர் 325ஐஎஸ். ஐரோப்பாவில் புகழ்பெற்ற அக்காலத்து பி.எம்.டபிள்யூ எம்3 இடப்பக்க ஸ்டீயரிங்குடன் மட்டுமே தயாரிக்கப்பட்டதால் அது இங்கே விற்பனைக்கு வரவில்லை; அந்த இடத்தை நிரப்பத் தென்னாப்பிரிக்காவுக்கென்றே உருவான வண்டி இது. 'குஷேஷே' என்ற செல்லப்பெயரும், வட்டமடித்து டயரைக் கரியாக்கும் இளைஞர்களின் பேரன்பும் இந்த வடிவத்துக்கு உண்டு. பின்னர் நேர்ந்த ஒரு மனக்கசப்புக்கு அந்த அன்பும் ஒரு காரணம்.

மற்ற மூன்றில் ஒன்று, நம் பிராஸ்பெக்டன் ஆலையில் தயாரான டொயோட்டா ட்வின்கேம். அடுத்தது 1984 முதல் 2009 வரை இங்கே தயாரான ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃப். விடைபெறும்போது எண் பொறித்து வெளியிட்ட கடைசி 1000 வண்டிகளில் ஒன்று. ஐந்தாவது, அப்பா அதிகாலையில் கீரைக்கட்டும் கொத்தமல்லியும் ஏற்றிச் சந்தைக்கு ஓட்டிப்போன டட்சன் 1400 பக்கி. (சிறு சுமையுந்தை நாம் பக்கி என்கிறோம். 'எங்கள் வீட்டில் ஒரு பக்கி இருக்கிறது' என்று மதுரை உறவினர்களிடம் சொன்னபோது, அவர்கள் என் தம்பியைப் பார்த்துச் சிரித்தார்கள்.)

எதையாவது உடன் கொண்டுபோக முடியுமா என்றும் பார்த்தேன். கல்நார் கலந்த எந்தப் பொருளும் ஆஸ்திரேலியாவுக்குள் நுழையக் கூடாது. பழைய காரின் பிரேக் லைனிங், கிளட்ச், கேஸ்கெட் ஆகியவற்றில் கல்நார் இல்லை என்பதை இறக்குமதி செய்கிறவரே உறுதிப்படுத்த வேண்டும். நான்காண்டு வாழ்க்கைக்காக இஞ்சினைப் பிரித்துக் கேஸ்கெட்டைச் சோதனைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. உடனடியாகப் பணம் கொடுத்து வாங்கும் இணைய நிறுவனம் ஒன்றையும் முயன்றேன். அதன் தேர்வுப் பட்டியலில் சூப்பர்பாஸ் என்ற பெயரே இல்லை, கோல்ஃபுக்குச் சொன்ன விலை அதன் நான்கு சக்கரங்களுக்கு வேண்டுமானால் பொருந்தும். தனியாக விற்கலாம் என்றால், முன்பின் அறியாதவர்களை ரிசர்வாயர் ஹில்ஸ் வீட்டு வாசலுக்கு வரவழைக்க என் மனைவி சம்மதிக்கவில்லை. அவர் சொன்னது நியாயம்தான். முகவரை நாடியது இப்படித்தான்.

இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி காகித வேலை என்பேன். அதை முழுவதும் கவனித்துக்கொண்டவர் மெரிபேங்க்கைச் சேர்ந்த, ஓய்வு வயதை நெருங்கிய ஓர் அக்கா. என் பெயரைப் படித்ததும் தமிழில் பேசத் தொடங்கிய அவர், டட்சனின் பதிவுச் சான்றிதழை ஒருமுறை பார்த்துவிட்டு நேராக முற்றத்துக்குப் போய், பானெட்டைத் திறந்து, இஞ்சின் எண்ணைத் துணியால் துடைத்துப் படித்தார். "தம்பி, இது அந்த இஞ்சின் இல்லையே" என்றார். அப்பா என்றோ இஞ்சினை மாற்றியிருக்கிறார், பதிவேட்டில் திருத்தவில்லை. வேறு எண்ணுடைய இஞ்சினோடு வண்டியைப் பெயர் மாற்ற முடியாது. காவல் துறையின் வாகனச் சோதனைப் பிரிவில் அடிச்சட்ட எண்ணையும் இஞ்சின் எண்ணையும் காட்டித் தடையின்மைச் சான்று பெற்று, அதன் பின்னரே பதிவைத் திருத்த வேண்டும். இதை நான் விற்கும் நாளில் கண்டுபிடித்திருந்தால் வாங்க வந்தவர் திருட்டு வண்டி என்று எண்ணித் திரும்பிப் போயிருப்பார். அக்கா மூன்று வாரத்தில் முடித்துக் கொடுத்தார். வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்னும் ரோட்வொர்த்தி சான்றிதழ் பெயர் மாற்றத்துக்கு 60 நாள் வரைதான் செல்லும் என்பதால், ஐந்து வண்டிகளையும் ஒரே நாளில் சோதனைக்கு அனுப்ப நான் அவசரப்பட்டபோது தடுத்ததும் அவர்தான். ஆள் கிடைத்த பிறகு அனுப்பினால் போதும், இல்லையென்றால் இரண்டு முறை கட்டணம் கட்ட வேண்டியிருக்கும் என்றார். அவர் ஒருவருக்காகவே தரகுத் தொகையில் பாதியை மனமாரக் கொடுக்கலாம்.

ஆனால் வண்டியைப் பற்றி எழுதிய இளைஞருக்கு வண்டிகள் தெரியவில்லை. படங்கள் அருமையாக இருந்தன. மாலை வெயிலில் 325ஐஎஸ்ஸின் விளிம்புகளை அவர் எடுத்திருந்த விதத்தைப் பார்த்து, ஏன் விற்கிறோம் என்று எனக்கே தோன்றியது. கீழே எழுதியிருந்ததுதான் வேறு கதை. 325ஐஎஸ்ஸை 'எம்3 வகை' என்றும், சூப்பர்பாஸை வெறும் 'கடெட் ஜிஎஸ்ஐ' என்றும் போட்டிருந்தார். முதலாவது பொய், இரண்டாவது நஷ்டம். முதல் பத்து நாளில் கடெட்டுக்கு வந்த அழைப்புகள் எல்லாம் பழைய ஜிஎஸ்ஐ விலை கேட்டவை. திருத்தச் சொல்லி மூன்று முறை எழுதிய பிறகே பெயர் மாறியது. மாறிய அன்று மாலையே பிரிட்டோரியாவிலிருந்து ஒருவர் பேசினார், அந்த வாரமே பயணச்சீட்டு எடுத்து வந்து வாங்கிக்கொண்டார்.

வெள்ளத்தைப் பற்றியும் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பன் வண்டி என்றாலே கடலோரம் அல்லாத உட்பகுதி ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது, தண்ணீரில் நின்றதா என்பதுதான். கடற்காற்றின் துருவைப் பற்றிய சந்தேகம் அதற்கு முன்பே உண்டு. என் வீடு மேட்டில் இருப்பதால் கொட்டகைக்குள் நீர் ஏறவில்லை. அதையும், பாட்டரித் தட்டு, கூரைச் சன்னலின் விளிம்பு, பின்சக்கர வளைவு என்று இவ்வகை பி.எம்.டபிள்யூக்கள் வழக்கமாகத் துருப்பிடிக்கும் இடங்களின் படங்களையும் போடச் சொன்னேன். பின்வளைவில் சிறு துருக் கொப்புளம் ஒன்று இருந்தது. அதையும் காட்டச் சொன்னேன். முகவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணே, வெள்ளம் என்று எழுதினாலே ஆள் ஓடிவிடும்" என்றார். அவர் அன்றாடம் விற்கும் மூன்று வயது ஹேட்ச்பேக்குகளுக்கு அது சரியாக இருக்கலாம். முப்பது வயது வண்டியை விரும்பி வாங்குகிறவர் கொப்புளத்தை எப்படியும் கண்டுபிடிப்பார். மறைக்கப்பட்ட கொப்புளம் ஒன்றைக் கண்டால் மறைக்கப்பட்ட பத்தை அவர் மனமே கற்பனை செய்துகொள்ளும். ஜோஹனஸ்பர்க்கிலிருந்து ஆறு மணி நேரம் ஓட்டி வந்த ஒருவர் அப்படித்தான் பேசாமல் திரும்பிப் போனார். இரண்டாவதாக வந்தவருக்கு, ஒவ்வொரு ரசீதும் தேதிவாரியாக அடுக்கிய என் கோப்பை நானே எடுத்துப் போய்க் காட்டினேன். கேட்ட விலையில் நான்கு சதவீதம் மட்டும் குறைத்து வாங்கினார்.

அதற்கு முந்தைய வாரம் அந்த 325ஐஎஸ்ஸின் மீட்டரில் 41 கிலோமீட்டர் கூடியிருந்தது. சோதனை ஓட்டம் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகாது, பணியாளர் உடன் செல்வார் என்பது ஒப்பந்தம். பின்டயர்களின் நிலையைப் பார்த்தால் அந்தக் கிலோமீட்டர்கள் நேர்கோட்டில் ஓடியவையாகத் தெரியவில்லை. நான் கேட்டபோது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மன்னிப்புக் கேட்டு அந்த மாத நிறுத்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள். வண்டியை விட்டுவருகிறவர்கள் மீட்டரைப் படமெடுத்து, அதில் கையெழுத்தும் வாங்கி வைப்பது நல்லது.

பணத்தில் குழப்பம் குறைவு. தரகு ஏழு சதவீதம் என்றார்கள். அதன்மேல் 15 சதவீத வாட் வரி உண்டு என்பது முதல் கணக்குச் சீட்டு வந்தபோதுதான் தெரிந்தது. பணம் வங்கியில் உண்மையாகவே சேரும்வரை, வாங்குபவர் கைப்பேசியில் என்ன காட்டினாலும் சாவியைக் கொடுக்கமாட்டார்கள். போலிக் குறுஞ்செய்திகள் திரியும் காலத்தில் அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. டட்சன் இரண்டே நாளில் விற்றது. வாங்கிய வெருலம்காரர் பதிவு, வெள்ளம், துரு எதையும் கேட்கவில்லை. பின்கதவுச் சங்கிலியை இழுத்துப் பார்த்து, எத்தனை மூட்டை தாங்கும் என்று மட்டும் கேட்டார். ட்வின்கேம் ஏழாவது வாரத்தில், நான் நினைத்ததைவிடக் குறைந்த விலைக்குப் போனது.

அன்றாடக் கார் என்றால் இவர்களிடம் தயங்காமல் கொடுக்கலாம். அரிய வண்டியானால் காகிதத்தை அக்காவிடம் விட்டுவிட்டு, விளம்பரத்தின் ஒவ்வொரு வரியையும் நீங்களே எழுதிக் கொடுங்கள்.

சிட்டி கோல்ஃப் இன்னும் அந்த முற்றத்தில்தான் நிற்கிறது. என் விமானம் வியாழக்கிழமை. கையெழுத்திடும் அதிகாரத்தைத் தங்கைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். புதிய விளம்பரத்தையும் நானே எழுதி நேற்று அனுப்பினேன். 2022 ஏப்ரலில் இந்த வண்டி எங்கே நின்றது என்பதுதான் அதன் முதல் வரி.