எங்கள் நகராட்சி அலுவலகம்: 5-க்கு 3 நட்சத்திரம்
தெருவிளக்குக்காக மூன்று வாரம் அலைந்தேன். தலைவரைப் பார்த்தால் போதும் என்றார்கள், ஆனால் நகர்மன்றத் தலைவர் கூட்டத்தை நடத்துபவர், தீர்மானத்தை மன்றம் நிறைவேற்ற வேண்டும், அதைச் செயல்படுத்துவது அரசு நியமித்த ஆணையாளர்; இதை விளக்க அங்கே ஆளும் இல்லை, பலகையும் இல்லை. 2022 தேர்தலில் தலைவரைத் தேர்ந்தெடுத்ததே கவுன்சிலர்கள்தான், நாம் நேரடியாக ஓட்டுப் போட்டது வார்டு கவுன்சிலருக்கு மட்டும். அதனால் முதலில் அவரிடம் போங்கள். எங்கள் கவுன்சிலர் அக்கா என்னைப் பொறியியல் பிரிவுக்கே கூட்டிப்போய் மனுவுக்கு ரசீது வாங்கிக் கொடுத்தார், நான்கே நாளில் விளக்கு எரிந்தது. அந்த 3 நட்சத்திரமும் அவருக்குத்தான். அப்புறம், ரசீது இல்லாமல் மட்டும் திரும்பி வராதீர்கள்.