கேடயம் நல்லது, வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள்

ஹட்டன் நகரில் கேடயமும் கிண்ணமும் செய்துகொடுக்கும் கடைகளில் ஒன்றைப் பற்றியது இது. பரிசளிப்பு விழாவுக்கு ஓடர் கொடுக்கப் போகும் ஆசிரியர்களுக்குப் பயன்படும்.

வேலைப்பாடு சுத்தம். அக்ரிலிக்கில் லேசர் எழுத்து ஓரம் கருகாமல் வருகிறது. மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையில் செய்வதானால் அடிவிளிம்பிலும் பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். முகப்பில் மட்டும் அடித்துவிட்டால், ஆடி மழைக்கு அடிப்பக்கம் ஈரத்தை இழுத்து உப்பிவிடும். அதன்பின் மேலே ஒட்டிய தகடும் கிளம்பும்.

சறுக்குவது வாசகத்தில். கடையின் மாதிரிப் புத்தகத்தில் மரதன் ஓட்டத்துக்கும் அச்சீவ்மென்ட் அவார்ட், முழுநாள் வருகைக்கும் அச்சீவ்மென்ட் அவார்ட். அந்தச் சொல் அவ்வளவு மலிவானதல்ல. பழைய பிரெஞ்சில் ‘தலைக்குக் கொண்டுவருதல்’, அதாவது முடித்துவைத்தல் என்ற பொருளில் பிறந்தது. உழைத்து ஒன்றை எட்டி முடித்தால்தான் அச்சீவ்மென்ட். ஒருநாளும் தவறாமல் பாடசாலைக்கு வந்த பிள்ளைக்கு ‘ஃபுல் அட்டெண்டன்ஸ்’ என்று போட்டாலே போதும், அதுவே பெருமைதான். (பிரித்தானியக் குலச்சின்ன மரபில் கேடயம், தலைக்கவசம், அதன்மேல் நிற்கும் சின்னம் எல்லாம் சேர்ந்த முழு உருவத்துக்கும் அச்சீவ்மென்ட் என்றே பெயர். கேடயக் கடைக்குப் பொருத்தமான சொல்தான், போடும் இடம்தான் பிசகுகிறது.)

துறையைச் சொல்லும்போது அச்சீவ்மென்டுக்குப் பின் ‘இன்’ வரும்: ‘அவுட்ஸ்டாண்டிங் அச்சீவ்மென்ட் இன் மெதமெடிக்ஸ்’. மாதிரிப் புத்தகத்தில் இருப்பது ‘ஒன்’, அது பிழை. செய்ததைச் சொல்வதானால் ‘ஃபோர் அச்சீவிங்’ என்று தொடங்கி, எதை என்பதையும் எழுத வேண்டும். தமிழில் ‘பிள்ளை சாதித்துவிட்டாள்’ என்று நிறுத்தினாலே வாக்கியம் நிறைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘அச்சீவ்ட்’ என்று நிறுத்தினால், பெரும்பாலும் ‘எதை?’ என்ற கேள்வி தொங்கும். சாதாரண தரத்தில் 9ஏ எடுத்தவருக்கு ‘ஃபோர் அச்சீவிங் நைன் ஏஸ்’ சரி. ‘அச்சீவ்ட் த எக்ஸாம்’ தவறு; பரீட்சையைப் ‘பாஸ்’ பண்ணுவார்கள், பெறுபேற்றைத்தான் ‘அச்சீவ்’ பண்ணுவார்கள்.

‘லைஃப்டைம் அச்சீவ்மென்ட்’ முப்பது வருடம் படிப்பித்து ஓய்வுபெறும் அதிபருக்கு. தரம் 5 புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பத்து வயதுப் பிள்ளைக்கு அதைப் போட்டால் சபை சிரிக்கும்.

தமிழ் வரியிலும் கவனம் வேண்டும். நம் கல்வி ஆவணங்களில் அச்சீவ்மென்டுக்கு ‘அடைவு’ என்று போடுகிறார்கள். ‘அடைவு மட்டம்’ அறிக்கைக்குப் பொருந்தும், கேடயத்தில் உயிரில்லாமல் கிடக்கும். ‘சித்தி’ பரீட்சையோடு நின்றுவிடும். மேடையில் கொடுப்பதற்குச் ‘சாதனை’தான் சொல், ஆனால் ‘சாதனை விருது’ என்று மொட்டையாக விடாமல், ‘கணிதத்தில் சிறந்த சாதனைக்காக’ என்று எழுதுங்கள்.

ஆங்கிலத்தில் அச்சீவ்மென்டின் எழுத்துக்கூட்டலையும் பாருங்கள். ‘எச்’சுக்கு அடுத்து முதலில் ‘ஐ’, பிறகு ‘ஈ’. மாற்றிப் போடுவதுதான் அடிக்கடி நேரும் பிழை. லேசர் ஓடிய பிறகு திருத்த முடியாது, தகட்டையே மாற்ற வேண்டும்.

இன்னொரு வில்லங்கம் பாமினி. கடையில் தமிழ் அடிப்பது அந்த எழுத்துருவில்தான். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவது யுனிகோட் என்ற வேறு முறை எழுத்து. மாற்றாமல் ஒட்டினால் கட்டம் கட்டமாக வரும். மறுபக்கம், பாமினியில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ‘சாதனை’ இருந்த இடத்தில் ஆர், எச், ஜே, ஐ, டி என்று ஐந்து ஆங்கில எழுத்துகள் நிற்கும். வேலை அவசரத்தில் அது அப்படியே தகட்டில் ஏறிவிடும். ஒன்றை மற்றதாக்கும் மாற்றி மென்பொருளைப் பயன்படுத்தும்போது ‘ர்’ இருக்கும் பெயர்களைத் தனியாகப் பாருங்கள். சில மாற்றிகள் ‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலையும் புள்ளியையும் ஒட்டவைக்கின்றன. ஒரு எழுத்துருவில் சரியாகத் தெரிவது இன்னொன்றில் புள்ளி வட்டத்தோடு உடைந்து நிற்கும்.

மாதிரியைத் தட்டச்சுச் செய்தியாக வாங்காதீர்கள். வெட்டப்போகும் அதே கோப்பிலிருந்து படமாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்கள். பெயர்ப்பட்டியலை வைத்து ஒருவர் வாசிக்க, இன்னொருவர் படத்தைப் பார்த்துச் சரிபார்த்த பிறகே சம்மதம் சொல்லுங்கள்.