15,200 ரூபாய் கட்டி ஊட்டி வரை போய், பூட்டிய பண்ணைக்கு வெளியே நின்றுவிட்டு வந்தோம்

காலாண்டு விடுமுறைக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஊட்டிப் பக்கம் போகத் திட்டம் போடுகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். நாங்கள் போனது சனிக்கிழமை. இன்று செவ்வாய். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. போனது 15,200 ரூபாய். இப்படி ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் ஈரோடு. பெரியவர்கள் ஆறு பேர்: நான், என் வீட்டுக்காரர், அம்மா, மாமியார், தம்பி, தம்பி மனைவி. குழந்தைகள் மூன்று பேர். சுற்றுலாப் பேக்கேஜ் விற்கும் ஒரு ஆன்லைன் ஏஜென்சியின் விளம்பரம் போனில் வந்தது. ஊட்டிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தனியார் வளாகம். பூந்தோட்டம், பண்ணை, குழந்தைகள் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் அருங்காட்சியகம், மூன்றும் ஒரே இடத்தில். மாட்டுக்குப் புல் கொடுக்கலாம், பால் கறந்து பார்க்கலாம், முயலைக் கையில் எடுக்கலாம். அருங்காட்சியகத்தில் கைப்பிடியைச் சுற்றினால் பல்பு எரியும், தேயிலையை வாட்டி உருட்டிக் காய வைப்பதை மாதிரி இயந்திரத்தில் குழந்தைகளே செய்து பார்க்கலாம். வீடியோவில் எல்லாம் அவ்வளவு அழகாக இருந்தது.

எனக்கு அதில் பிடித்தது பண்ணைதான். என் அம்மா கோபிப் பக்கம் எருமை வைத்து, வீடு வீடாகப் பால் ஊற்றி எங்களைப் படிக்க வைத்தவர். என் பையன் மூன்றாம் வகுப்பு. பால் என்றால் அவனுக்குப் பாக்கெட்தான் தெரியும். விளம்பரத்தைக் காட்டியதும் அம்மா, "நானே கறந்து காட்டுறேன் கண்ணு" என்று அவனிடம் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

ஆனாலும் உடனே பணம் கட்டவில்லை. போன் செய்து விசாரித்தேன். எடுத்தது ஒரு பெண். பேச்சில் அவ்வளவு கனிவு. எத்தனை பேர், குழந்தைகளுக்கு என்ன வயது என்று கேட்டார். அம்மாவுக்கு முட்டி வலி என்றதும், "அதுக்கென்னக்கா, பேட்டரி வண்டி சொல்லிடறேன், கேட்டுல இருந்து பண்ணை வரைக்கும் அதுலயே போயிடலாம்" என்றார். அம்மா பால் கறக்க ஆசைப்படுவதைச் சொன்னேன். "அய்யோ, தாராளமா கறக்கட்டும்க்கா. சாதுவான பசுதான். பண்ணையில சொல்லி வைக்கிறேன்" என்றார்.

நான் நம்பியது அந்த இடத்தில்தான். அதை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது. என் அம்மாவின் முட்டியைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்கிற ஒருத்தி ஏமாற்றுவாள் என்று யாருக்குத் தோன்றும்?

பெரியவர்களுக்குத் தலைக்கு 1,850, குழந்தைகளுக்கு 1,100. மொத்தம் 14,400. பேட்டரி வண்டிக்கு 500. நீலகிரிக்குள் வண்டி நுழையத் தேவையான இ-பாஸ் எடுத்துத் தர 300. ஆக 15,200. இன்றைக்கே முழுவதும் கட்டினால்தான் விலை இது, நாளைக்கு ஏறிவிடும் என்றார். க்யூஆர் கோடு அனுப்பினார். பணம் அனுப்பும்போது ஏஜென்சி பெயர் வராமல் யாரோ ஒரு ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். "எங்க அக்கவுண்டன்ட்தான்க்கா" என்றார். சரி என்று அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு டெம்போ டிராவலரில் கிளம்பினோம். வண்டி வாடகை தனி, அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு சோதனைச் சாவடியில் இ-பாஸ் கேட்டார்கள். அதுவரை எங்களுக்கு எதுவும் வரவில்லை. அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. டிரைவரே ஓரமாக நிறுத்தி, போனில் வண்டி எண், ஆட்கள் எண்ணிக்கை, தேதி எல்லாம் போட்டு ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டார். "இதுக்கு எதுக்குங்க்கா காசு கொடுத்தீங்க?" என்று கேட்டார். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும் என்பது தெரியும். அது இலவசம் என்பது எனக்குத் தெரியாது. அங்கேயே 300 ரூபாய்க்கு ஏமாந்தது தெரிந்துவிட்டது. ஆனால் மலையடிவாரம் வரை வந்தாயிற்று, குழந்தைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறார்கள், இதற்காகவா திரும்ப முடியும்?

பத்து மணிக்கு அந்த வளாகத்தின் கேட்டில் நின்றோம். போனில் வந்த டிக்கெட்டைக் காட்டினேன். கவுண்டரில் இருந்தவர் பார்த்துவிட்டு, "இது தோட்டத்துக்கு மட்டும்தாங்க" என்றார். பண்ணை? "வேலை நடக்குது, மூடி ரெண்டு மாசமாச்சு." அருங்காட்சியகம்? "அது தனி டிக்கெட். இன்னைக்குக் கரண்ட் இல்ல, ஒண்ணும் ஓடாது." பேட்டரி வண்டி? கையைக் காட்டினார். தார்ப்பாய் போர்த்தி ஓரமாக நின்றது, முன் டயரில் காற்றே இல்லை.

கவுண்டருக்கு மேலே பலகையில் தோட்டத்துக்குக் கட்டணம் எழுதியிருந்தது. பெரியவர்களுக்கு 100, சிறியவர்களுக்கு 50. எங்கள் ஒன்பது பேருக்கும் சேர்த்து 750 ரூபாய். நாங்கள் கட்டியது 15,200.

தோட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நாலு பாத்தி சாமந்தி, நடுவில் செல்ஃபி எடுக்க ஒரு இதய வடிவக் கம்பி. அதைத் தாண்டினால் பண்ணையின் கம்பிக் கதவு, பெரிய பூட்டு. உள்ளே தொழுவம் காலியாகக் கிடந்தது. என் பையன் முயலுக்குக் கொடுக்கவென்று முதல் நாள் இரவே கேரட்டை நறுக்கி டப்பாவில் போட்டு எடுத்து வந்திருந்தான். அந்தப் பூட்டுக்கு முன்னால் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மா முட்டியைப் பிடித்தபடி கேட் பக்கத்துத் திண்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "விடு சாமி, வா போலாம்" என்றார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வளாகத்தின் அலுவலகத்துக்குப் போனோம். "அந்த ஏஜென்சிக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லைங்க, அவங்ககிட்டயே கேளுங்க" என்றார்கள். அப்படிச் சொன்னவரின் முதுகுக்குப் பின்னால், கண்ணாடியில் அதே ஏஜென்சியின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. தம்பி அதைக் காட்டிக் கேட்டான். "அது யாரோ ஒட்டிட்டுப் போனது" என்றார்.

ஏஜென்சிக்கு அன்று மட்டும் பதினேழு முறை போன் செய்தும் யாரும் எடுக்கவில்லை. பதினெட்டாவது முறை ஒரு ஆண் எடுத்தார். மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார். சாயங்காலம் கேட்டால், ஒரு படிவத்தை நிரப்பி அனுப்புங்கள், ஏழு வேலை நாளில் பதில் வரும் என்றார். ஞாயிறன்று வாட்ஸ்அப்பில், 'வசதிகள் மாறுதலுக்கு உட்பட்டவை' என்ற வரிக்கு மட்டும் மஞ்சள் அடித்து அனுப்பினார்கள். பண்ணை மூடி இரண்டு மாதம். எங்களிடம் பணம் வாங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது. தெரிந்தே விற்றுவிட்டு அதற்கு மாறுதல் என்று பெயரா? அப்படியே கேட்டு அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. திங்களன்று, அடுத்த பயணத்துக்கு 2,000 ரூபாய் கூப்பன் தருகிறோம் என்றார்கள். வேண்டாம், என் 15,200 ரூபாயைக் கொடுங்கள் என்றேன். அன்று மதியமே என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். அவர்கள் பக்கத்தில் நான் போட்ட கருத்தையும் அழித்துவிட்டார்கள். கனிவாகப் பேசிய அந்தப் பெண் அதற்கப்புறம் ஒரு முறைகூடப் போனை எடுக்கவில்லை.

அன்றைக்கு மிச்சப் பொழுதை ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் கழித்தோம். வாசலில் டிக்கெட் எடுத்தோம், உள்ளே போனோம், சொன்னது எல்லாம் இருந்தது. 1848-இல் மெக்ஐவர் என்பவர் அமைக்கத் தொடங்கிய பூங்கா. 2 கோடி ஆண்டு பழைய கல்மரத்தைக் குழந்தைகள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். மேலே தோடர் பழங்குடியினரின் குடிசை வரை தம்பி அவர்களை ஏற்றிக் கூட்டிப்போனான். அம்மா கீழே புல்தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். நேராக இங்கேயே வந்திருக்கலாம். ஊட்டிக்குப் பக்கத்தில் எம்.பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மைய அருங்காட்சியகத்தையும் பார்த்திருக்கலாம். அதற்கு நேரம் இல்லாமல் போய்விட்டது.

1915, தேசிய நுகர்வோர் உதவி எண், அதில் புகார் பதிவு செய்துவிட்டேன். புகார் எண் வந்திருக்கிறது. அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நாம் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. அவர்கள் ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும் ஈரோட்டுக்கு வந்து பதில் சொல்லட்டும்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். இப்போது எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஏஜென்சியை நம்பாமல் அந்த இடத்துக்கே போன் செய்து இன்று என்னென்ன திறந்திருக்கிறது என்று கேளுங்கள். முழுப் பணமும் முன்னால் கட்டாதீர்கள். பணம் அனுப்பும்போது தனி ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இ-பாஸுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். போனில் சொல்வதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். நான் வாங்கவில்லை. பால் கறக்கலாம் என்று சொன்னதற்கு இன்று என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

பூந்தோட்டம், பண்ணை, அருங்காட்சியகம் மூன்றும் ஒரே இடம் என்று சொல்லி இதே மாதிரி யாரிடமாவது பணம் வாங்கியிருந்தால், ரசீதையும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் அனுப்புங்கள். எல்லோரும் சேர்ந்தே வழக்குப் போடலாம்.