மாசக் காசு கட்டாம டிவி ரெக்கார்டு பண்ண ஃப்ரீ டிஷ் பாக்ஸ் வாங்கலாமா?

கும்பகோணத்துல ஒரு கடைல வாங்குன எம்பெக்-4 (படத்த சுருக்கி அனுப்புற ஒரு முறை) ஃப்ரீ டிஷ் செட்டாப் பாக்ஸ் பத்தி எழுதுறேன், முன்பக்கம் பென்டிரைவ் சொருவ ஒரு எடம் இருக்கும் பாருங்க, அந்த டைப். டிடி ஃப்ரீ டிஷ்னா தூர்தர்ஷன் 2004 டிசம்பர்ல ஆரம்பிச்ச இலவச டிடிஎச், அப்ப பேரு டிடி டைரக்ட் பிளஸ். டிஷ்ஷும் பாக்ஸும் ஒரு தடவை வாங்கிட்டா முடிஞ்சுது, ரீசார்ஜே கிடையாது, தனியார் சேனல்காரங்க ஏலத்துல எடம் எடுத்து காசு கட்டுறாங்க, நம்ம கைலேருந்து ஒண்ணும் போறதில்ல.

இத வாங்குனதே திருவையாறுக்காகத்தான். அங்க நடக்குற தியாகராஜர் ஆராதனைல பஞ்சரத்ன கீர்த்தனைய தூர்தர்ஷன் நேரலையா போடுவாங்க, நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீன்னு அஞ்சு ராகத்துப் பாட்டையும் அத்தன வித்வான்களும் சேந்து பாடுறத அம்மா ஒரு வருஷம் விடாம கேப்பாங்க. இப்ப முட்டி வலி, காவிரிக் கரைல அந்தக் கூட்டத்துல போயி உக்கார முடியாது. ரெக்கார்டு பண்ணி வச்சுட்டா ஆடி மாசத்துல கேக்கணும்னாலும் கேக்கலாம்ல.

ரெக்கார்டிங் தரத்துல எனக்கு முழு திருப்தி. வானத்துலேருந்து என்ன வருதோ அதையே அப்படியே டிஎஸ் ஃபைலா (ஒளிபரப்பு வர்ற அதே வடிவம்) எழுதிடுது, திரும்ப சுருக்குறது கிடையாது, அதனால நேரலைல பாத்த அதே படம் அதே சத்தம். டிடி தமிழ் (பழைய பொதிகைதான், 2024 ஜனவரிலதான் பேரு மாத்துனாங்க) பூட்டு ஏதும் போடாம வர்றதால அந்தப் பென்டிரைவ கழட்டி லேப்டாப்ல விஎல்சிங்குற வீடியோ பிளேயர்ல போட்டாலும் ஓடுது, தங்கச்சி வீட்டு டிவிலயும் ஓடுது. காசு கட்டுற டிடிஎச்ல ரெக்கார்டு பண்ணா பொதுவா அந்த பாக்ஸ்லதான் பாக்க முடியும், எனக்கு இதுதான் பெரிய வித்தியாசம். நம்ம எடுத்தது நம்மகிட்ட இருக்கு.

டைமர் வக்கிறதுல கவனம் வேணும். திரைல வர்ற நிகழ்ச்சிப் பட்டியல நம்பாம நேரத்த கையால போடுங்க, முன்னாடி பத்து நிமிஷம் பின்னாடி அரை மணி நேரம் சேத்தே போடுங்க. ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமில (புஷ்ய மாசத் தேய்பிறை அஞ்சாம் நாள்) வர்றதால தேதி மாறிக்கிட்டே இருக்கும், 2024ல ஜனவரி 30, 2025ல ஜனவரி 18, அதனால பஞ்சாங்கம் பாத்துட்டு வைங்க. டிவிய ஆஃப் பண்ணலாம், ஆனா பாக்ஸ ரிமோட்டுல ஸ்டாண்ட்பைல போடணும், சுவிட்ச அமுத்திட்டா டைமர் வேலை செய்யாது, வீட்ல எல்லாருக்கும் சொல்லி வச்சுடுங்க. அப்புறம் சேனல் மறுபடி ஸ்கேன் பண்ணீங்கன்னா நம்பர் மாறலாம், டைமரையும் ஒரு தடவை பாத்துடுங்க.

குறைன்னா ரெண்டு. ஒண்ணு, உள்ள ட்யூனர் (சேனல புடிக்கிற பாகம்) ஒண்ணுதான், ரெக்கார்டு ஓடும்போது வேற சேனல் பெரும்பாலும் பாக்க முடியாது. ரெண்டாவது கரண்ட். கரண்ட் போனா ரெக்கார்டிங் நின்னுடும், வந்தாலும் என் பாக்ஸ் தானா தொடர்றதில்ல, சின்ன யுபிஎஸ்ல போட்டப்புறம்தான் நிம்மதி. ஐப்பசி கார்த்திகைல அடைமழை பேஞ்சா சிக்னலும் போகும், அது கேயூ பேண்டோட (டிடிஎச் சிக்னல் வர்ற அலைவரிசை) இயல்பு, எந்த பாக்ஸ் வாங்குனாலும் அப்படித்தான். டிஷ் நம்ம பக்கத்துல தென்கிழக்கா, நல்லா மேல பாத்த மாதிரி நிக்கும் (ஜிசாட்-15 செயற்கைக்கோள், 93.5 டிகிரி கிழக்கு), அதனால தென்னமரம் கொஞ்சம் தள்ளி இருந்தா மறைக்காது, மட்டை வந்து விழாத எடமா மட்டும் பாத்து மாட்டச் சொல்லுங்க.

சன், விஜய் சீரியல் வேணும்னா இது உங்களுக்கு இல்ல, அதெல்லாம் இதுல வராது. டிடி தமிழ், செய்தி, டிடி ஸ்போர்ட்ஸ்ல வர்ற மேட்ச், இது போதும்ங்குற வீட்டுக்கு தாராளமா வாங்கலாம், ஒரே தடவை செலவு.

பென்டிரைவ்ல கஞ்சத்தனம் வேணாம். ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணுலேருந்து ரெண்டு ஜிபி ஆவும், 32 ஜிபி தாராளம், ஆனா மட்டமானது எழுதுற வேகம் பத்தாம படம் திக்கித் திக்கி வரும். பென்டிரைவ ஃபேட்32ங்குற முறைல ஃபார்மேட் பண்ணா 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா நிக்காது, துண்டு துண்டா வரும், வரிசையா போட்டு பாத்துக்கலாம். ஹார்ட் டிஸ்க் போடணும்னா தனியா கரண்ட் எடுக்குற மாதிரி வாங்குங்க, பாக்ஸ்லேருந்து வர்ற கரண்ட் பல டிஸ்க்குக்கு பத்தாது.