டாம்கேட் சர்வரைக் கண்காணிக்க ஜேஎம்எக்ஸ் எக்ஸ்போர்ட்டர்: பயன்படுத்திப் பார்த்த மதிப்பீடு

ஹீப் (ஜாவா நிரல் பயன்படுத்தும் நினைவகம்) எவ்வளவு நிரம்பியிருக்கிறது, கோரிக்கைகளைக் கவனிக்கும் த்ரெட்களில் எத்தனை வேலையில் இருக்கின்றன, தேவையற்ற நினைவகத்தை விடுவிக்கும் கார்பேஜ் கலெக்‌ஷனுக்கு எவ்வளவு நேரம் போனது என்பனவற்றை டாம்கேட் போன்ற ஜாவா சர்வரிடமிருந்து ஜேஎம்எக்ஸ் என்ற கண்காணிப்பு வசதி வழியாகக் கேட்டறியலாம். 2004-இல் வெளிவந்த ஜாவா 5 முதல் இந்த வசதி ஜாவாவுடனேயே கிடைக்கிறது. வெளியிலிருந்து ஆர்எம்ஐ என்ற ஜாவாவின் தொலை அழைப்பு முறை மூலம் இணைவது பழைய வழி. அதற்குரிய இரண்டாவது போர்ட்டை நாமே குறிப்பிடாவிட்டால், சர்வர் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அது மாறக்கூடும் என்பதால், ஃபயர்வால் அனுமதி வாங்குவதே பெரும்பாடாகிவிடும்.

அளவீடுகளைக் குறித்த இடைவெளியில் கேட்டுச் சேமிக்கும் ப்ரோமிதியஸுக்கான ஜேஎம்எக்ஸ் எக்ஸ்போர்ட்டரை ஏஜென்டாக (சர்வரோடு சேர்ந்தே ஓடும் துணை நிரலாக) சேர்த்ததும் அந்தத் தொல்லை நீங்கியது. அது ஜாவா நிரலை இயக்கும் ஜேவிஎம்முக்கு உள்ளேயே இருந்துகொண்டு, ஒரே எச்டிடிபி போர்ட்டில் எல்லா அளவீடுகளையும் எளிய உரையாகத் தருகிறது. ஆனால் முதல் நாளில் எதையும் வடிகட்டாமல் விட்டதால், பதில் வருவதற்குள் ப்ரோமிதியஸின் 10 நொடிக் காத்திருப்பு முடிந்து, கிராஃபில் ஆங்காங்கே ஓட்டை விழுந்தது. தேவையான எம்பீன்களை (ஜேஎம்எக்ஸில் அளவீடுகளைத் தரும் பொருள்களை) மட்டும் குறித்துக் கொடுத்த பிறகு அந்தச் சிக்கல் திரும்ப வரவில்லை.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று. வேலையில் இருக்கும் த்ரெட்களின் எண்ணிக்கை, கேட்கும் கணத்தின் நிலையை மட்டுமே சொல்லும். 15 நொடிக்கு ஒருமுறை கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இடையில் 4 நொடி, டாம்கேட்டின் இயல்பான உச்சவரம்பான 200 த்ரெட்களும் நிரம்பித் தணிந்திருந்தால், கிராஃபில் 40-ஐ ஒட்டிய சமமான கோடுதான் தெரியும், பயனர்களோ அந்த 4 நொடியும் காத்துக்கிடந்திருப்பார்கள். கோரிக்கைகளின் எண்ணிக்கையும் அவற்றுக்குச் செலவான மொத்த நேரமும் அப்படியல்ல. ஏறிக்கொண்டே போகும் கூட்டுத்தொகைகள் என்பதால் இடையில் நடந்தது அவற்றில் பதிந்தே இருக்கும். நேரத்தின் உயர்வை எண்ணிக்கையின் உயர்வால் வகுத்தால் அந்த இடைவெளியின் சராசரி பதில் நேரம் கிடைத்துவிடும். நான் எச்சரிக்கை மணியை இந்தக் கணக்கில்தான் கட்டியிருக்கிறேன்.

அதிகபட்ச நேரத்தைக் காட்டும் அளவீட்டை நம்ப வேண்டாம். ஒரே ஒரு மந்தமான கோரிக்கை வந்தாலும், மீட்டமைக்கும் வரை அந்த எண் அப்படியே நிற்கும். நூற்றில் மிக அதிகம் காத்திருந்த ஐந்து பேர் எவ்வளவு காத்திருந்தார்கள் என்பதும் இதில் கிடைக்காது. அதற்கு ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆன நேரத்தை, வந்த கோரிக்கைகளைச் சர்வர் குறித்துவைக்கும் அக்சஸ் லாகில் எழுதவைத்து எடுத்துக்கொள்கிறேன். நிரலின் எந்த மெத்தடில் (செயற்பகுதியில்) நேரம் போகிறது என்று பார்க்க, ஜாவாவின் உருவாக்கத் தொகுப்பான ஜேடிகே 11 முதல் திறந்த மூலமாகக் கிடைக்கும் ஃப்ளைட் ரெக்கார்டர் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலேயே அதைத் தொடங்கலாம். எக்ஸ்போர்ட்டரைத் தொடக்க அமைப்பில் ஏஜென்டாகச் சேர்ப்பதற்கோ சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும்; அடுத்த வெளியீட்டோடு சேர்த்தே அதைச் செய்துவிடுங்கள்.