புகை தள்ளும் ஸ்ப்ளெண்டரா, ‘இன்ஜின் வேலை முடிஞ்ச’ பேஷன் புரோவா?

திண்டுக்கல்லில் இருந்து ஒட்டன்சத்திரத்துக்கு தினமும் வேலைக்குப் போய் வர ஒரு பழைய வண்டி தேடினேன். மூன்று வாரம் அலைந்து கடைசியில் இரண்டு வண்டி கையில் நின்றன. ஒன்று ஸ்ப்ளெண்டர் பிளஸ், ஒரே ஓனர், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருடையது, முறுக்கினால் புகை தள்ளும், விலை 28,000 சொன்னார். இன்னொன்று பழைய வண்டி விற்கும் ஒரு கன்சல்டிங் கடையில் நின்ற பேஷன் புரோ, மூன்றாவது ஓனர், ‘ஃபுல் இன்ஜின் வேலை இப்பதான் முடிஞ்சது, ஒரு ரூபாய் செலவு இல்லை’ என்று 38,000 சொன்னார்கள், 36,000 வரை இறங்கி வந்தார்கள். இரண்டும் 2014 மாடல். நான் எடுத்தது புகை தள்ளியதை. ஏன் என்று வீட்டில் தொடங்கி ஆபீஸ் வரை எல்லோரும் கேட்டார்கள், அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் சாதாரண விஷயங்கள். மைலேஜில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம், இரண்டிலும் இருப்பது அதே 97.2 சிசி படுக்கை இன்ஜின்தான். பார்க்க பேஷன் அழகு, செல்ஃப் ஸ்டார்ட், அலாய் வீல், டயர் இரண்டும் புதுசு. நான் பார்த்த ஸ்ப்ளெண்டரில் கிக்கர் மட்டும், சீட் கவர் கிழிசல், பின் டயர் மொட்டை. திரும்ப விற்கப் போனால் இரண்டுக்கும் ஆள் உண்டு, ஸ்ப்ளெண்டருக்குக் கொஞ்சம் சீக்கிரம் கிடைக்கும். ஆர்சி இரண்டிலும் 2029 வரை உயிரோடு இருக்கிறது. இதுவரை பார்த்தால் பேஷன் பக்கம்தான் தராசு சாயும்.

என் முடிவை மாற்றியது ஒரே ஒரு கேள்வி. இந்த இன்ஜினை இதற்கு முன் யாராவது திறந்திருக்கிறார்களா, திறந்திருந்தால் உள்ளே என்ன செய்தார்கள்?

இந்த இன்ஜினின் போர், அதாவது பிளாக்குக்குள் பிஸ்டன் போய் வரும் துளையின் அகலம், கம்பெனியில் இருந்து வரும்போது 50 மி.மீ. தேய்ந்த பிறகு லேத்தில் கொடுத்து கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. பெரிது என்று பிஸ்டன் கிடைக்கும். அதாவது ஒரு பிளாக்குக்கு இருக்கும் ஆயுள் அந்த ஒரு மில்லிமீட்டர்தான். திறக்காத இன்ஜின் என்றால் அந்த ஒரு மில்லிமீட்டர் முழுசாக உங்களுக்குச் சொந்தம். மூன்று ஓனர் மாறிய வண்டியில் எவ்வளவு மிச்சம் என்பதை வெளியில் இருந்து யாராலும் சொல்ல முடியாது. ஏற்கெனவே 1.00 போட்டிருந்தால் அடுத்த முறை பிளாக்கையே மாற்ற வேண்டும். இந்த இன்ஜினுக்கு புது பிளாக் கிட் சுலபமாகக் கிடைக்கும் என்பது உண்மைதான், அதோடு வண்டி செத்துவிடாது. ஆனால் ‘வேலை முடிஞ்ச வண்டி’ என்று 36,000 கொடுத்துவிட்டு மறுபடி பிளாக்குக்கும் கொடுப்பதை என்னால் தாங்க முடியாது.

பேஷனைப் பார்க்க என்னோடு மெக்கானிக் அண்ணன் வந்தார். அவர் ஸ்டார்ட் பண்ணவே சொல்லவில்லை, முதலில் குனிந்து இன்ஜினைத் தொட்டார். சூடாக இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். அப்புறம் பிளாக்கும் அதைத் தாங்கும் கிராங்க் கேஸும் சேரும் இடத்தை மொபைல் டார்ச் அடித்துக் காட்டினார். கேஸ்கெட் பசை சாம்பல் நிறத்தில் பிதுங்கி வெளியே காய்ந்திருந்தது. ஹெட் நட்டுகளின் மூலைகள் மழுங்கி, பளபளவென்று தேய்ந்திருந்தன, சரியான ஸ்பேனர் போடாமல் கழற்றிய அடையாளம் அது. “எத்தனாவது சைஸ் போட்டிருக்கு?” என்று அண்ணன் கேட்டதற்கு, “எல்லாம் புதுசுதான் ஜி” என்பதுதான் பதில். பில் இல்லை, பழைய பிஸ்டன் இல்லை, வேலை பார்த்த மெக்கானிக் யார் என்றும் சொல்லவில்லை. வண்டி புகையே இல்லாமல் நன்றாகத்தான் ஓடியது. அது ஒழுங்கான வேலையாகவே இருந்திருக்கலாம். ஆனால் போர் கடையாமல் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் மட்டும் மாற்றி, கெட்டி ஆயில் ஊற்றினாலும் சில வாரங்களுக்கு இதே மாதிரிதான் ஓடும். இரண்டையும் பிரித்துப் பார்க்க நமக்கு வழியில்லை.

ஸ்ப்ளெண்டர் கதை வேறு. “நாங்க வர்ற வரைக்கும் வண்டியை எடுக்க வேண்டாம் சார்” என்று முந்தின நாளே போனில் சொல்லிவிட்டு காலை ஆறரைக்குப் போனோம். இன்ஜின் ஜில்லென்று இருந்தது. சாவி போடாமல் கிக்கரை மிதித்தால் தடையே இல்லாமல் இறங்கியது, கம்ப்ரஷன் குறைந்திருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. ஸ்டார்ட் ஆனதும் புகை பெரிதாக இல்லை, சூடேறி முறுக்கும்போதுதான் நீலமாக வந்தது. ஸ்டார்ட் செய்த உடனே கொஞ்சம் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வ் சீல், முறுக்க முறுக்க வந்துகொண்டே இருந்தால் ரிங்கும் போரும். அண்ணன் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை கிராங்க் கேஸில் ஊன்றி வெகுநேரம் கேட்டார். டைமிங் செயின் சத்தம் இருந்தது, கீழே பிஸ்டனோடு சேர்ந்து சுழலும் தண்டான கிராங்க்கில் ‘டொக் டொக்’ இல்லை. “ஆஃப் இன்ஜின் வேலைதான் தம்பி, கிராங்க் நல்லா இருக்கு” என்றார், அதாவது கிராங்க்கைத் தொடாமல் பிஸ்டன், பிளாக், ஹெட் பக்கம் மட்டும் பார்க்கும் வேலை. நட்டுகளில் பழைய அழுக்கு அப்படியே படிந்திருந்தது, எங்கும் பசை இல்லை. சாரும் எதையும் மறைக்கவில்லை. “ஆறு மாசமா ஆயில் குறையுதுப்பா, நான் ஊத்தி ஊத்தி ஓட்டுறேன்” என்று அவரே சொன்னார்.

பேரம் பேசும்போது கிராங்க்கும் போயிருக்கிறது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். ஃபுல் இன்ஜினுக்கு 12,000 ஒதுக்கிவிட்டு, மீதிக்குத்தான் வண்டி. 21,500-க்கு முடிந்தது.

நான்காம் நாள் லேத் பட்டறையில் பிஸ்டனைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தலையில் கரி அப்பியிருந்தது, பக்கவாட்டில் நெடுக்குக் கோடுகள். பிளேடால் கரியைச் சுரண்டச் சுரண்ட ‘இன்’ என்ற ஆங்கில எழுத்துகள் தெரிந்தன, அது இன்லெட் வால்வ் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்பதற்கான குறி. 25, 50 என்று எந்த எண்ணும் இல்லை. அதாவது கம்பெனி பிஸ்டன், ஸ்டாண்டர்டு சைஸ். பிளாக்கின் உள்ளே மேல் விளிம்புக்குக் கீழே நகத்தை வைத்து இழுத்தால் ஒரு படி தட்டியது, போர் தேய்ந்ததன் அடையாளம் அது. அளந்து பார்த்துவிட்டு 0.25-ல் சுத்தமாகாது, 0.50 போட்டுவிடலாம் என்றார் லேத்காரர். இன்னும் 0.75, 1.00 மிச்சம்.

பில் இது: பிஸ்டன் கிட் 1,050, போர் கடைந்து ஹோனிங் 550, வால்வ் சீலும் வால்வ் கிரைண்டிங்கும் 450, டைமிங் செயின் கிட் 850, கேஸ்கெட் கிட் 280, கிளட்ச் பிளேட் 480, ஆயில் 390, கூலி 2,000. மொத்தம் 6,050. வண்டியோடு சேர்த்து 27,550. பேஷனைவிட 8,450 குறைவு, அதில் ஒரு பின் டயரும் சீட் கவரும் போட்ட பிறகும் பணம் மிஞ்சியது.

பேஷனுக்கு நியாயமான பக்கமும் உண்டு. எனக்கு வேலை முடிய ஒன்பது நாள் ஆனது, அத்தனை நாளும் பஸ்தான். முதல் 500 கிலோமீட்டர் ஐம்பதைத் தாண்டாமல், முறுக்காமல் ஓட்டினேன், அவசரக்காரருக்கு அது பெரிய சோதனை. கூட வந்து பார்க்க ஒரு மெக்கானிக் இல்லாதவர்கள் புகை தள்ளும் வண்டியைத் தனியாகப் போய் வாங்கவே வேண்டாம். அந்தக் கடையில் பில்லையும் கழற்றிய பிஸ்டனையும் காட்டி, வேலை செய்தவரோடு பேச வைத்திருந்தால் மூவாயிரம் நாலாயிரம் கூடக் கொடுத்து பேஷனையே எடுத்திருப்பேன்.

இன்னொன்று, என் அனுபவம் இந்த 100 சிசி இன்ஜினோடு நிற்கிறது. இதே கணக்கை எல்லா வண்டிக்கும் போட்டுவிடாதீர்கள். உதாரணமாக யமஹா ஆர்15-ல் இருப்பது டயாசில் பிளாக், அதை லேத்தில் கொடுத்து போர் கடைய முடியாது, தேய்ந்தால் பிளாக்கையே மாற்ற வேண்டும், அங்கே புகை என்றால் செலவே வேறு. புல்லட் பக்கம் நான் போனதில்லை, அதைத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

ஆர்சி மாற்ற ஃபார்ம் 29, 30 இரண்டிலும் சாரிடம் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிட்டேன். முன்பு வண்டியில் ஃபைனான்ஸ் இருந்திருந்தால் கடன் முடிந்ததற்கான என்ஓசியும் ஃபார்ம் 35-ம் கேட்டு வாங்குங்கள்.

500 கிலோமீட்டரில் ஆயில் மாற்றியாயிற்று. போன ஞாயிறு பின்னால் தம்பியை உட்கார வைத்து சிறுமலை ஏறினேன், 18 கொண்டை ஊசி வளைவு. மேலே போய் நிறுத்தி, இன்ஜின் ஆறிய பிறகு ஆயில் ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தேன். மேல் கோட்டில் அப்படியே நின்றது.