ஒரு கார்டு, நான்கு கேமரா: கோத்தகிரியில் ஆறு வருடம்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் சின்னத் தேயிலைத் தோட்டத்தில் கேமரா வைத்ததே கரடிக்காகத்தான். இலை எடை போடும் கொட்டகை, கேட், கோழிக்கூடு, கீழ்ச்சரிவு என்று நான்கு இடம். நான்கும் பழைய அனலாக் கேமராக்கள். அவற்றை ஒரு பழைய கம்ப்யூட்டரில் கேமராப் படத்தை உள்ளே எடுக்கும் நான்கு இணைப்புள்ள கேப்சர் கார்டில் மாட்டி, அசைவு தெரிந்தால் பதிவு செய்யும் மோஷன் என்ற மென்பொருளை லினக்ஸில் போட்டேன்.

நான்கு இணைப்பு இருக்கிறதே என்று நம்பியது என் தப்பு. உள்ளே இருப்பது ஒரே ஒரு பிடி878 சிப். பெயர்தான் பிடி, ஒரு நேரத்தில் பிடிப்பது ஒரு கேமராவைத்தான். மற்ற மூன்றும் ரேஷன் கடை வரிசை மாதிரி காத்திருக்கும். பால் (PAL) என்ற வீடியோ முறையில் நொடிக்கு 25 பிரேம், அதாவது 25 படம். நான்கால் வகுத்தால் ஆளுக்குக் குறைந்தது ஆறு வரும் என்று கணக்குப் போட்டேன். வந்தது மூன்று சொச்சம். ஒவ்வொரு முறை கேமரா மாறும்போதும் புதிய சிக்னலோடு சிப் ஒத்துப்போக வேண்டும்; அதற்குள் வந்த பிரேம் வீண்.

அந்த வீண் பிரேமைத் தள்ளாமல் எடுத்துக்கொண்டால் வருவது பேய்ப்படம். முதல் மாதம் கோழிக்கூட்டின் தலைமேல் கேட் நின்றது! மென்பொருள் அதையும் அசைவு என்று நினைத்து, ராத்திரி முழுக்கப் பதிவு செய்து ஹார்டு டிஸ்க்கை நிரப்பிவிட்டது. கேமரா மாறும்போது எத்தனை பிரேமைத் தள்ள வேண்டும் என்று சொல்லும் ரவுண்ட்ராபின் ஸ்கிப் என்ற அமைப்பை 1-லிருந்து 2 ஆக்கினேன். வேகம் இன்னும் குறைந்தது, ஆனால் படம் சுத்தமானது.

காட்டெருமைக்கு இந்த வேகம் தாராளம். அது நின்று நிதானமாகப் போகிற ஜீவன். கரடியும் பரவாயில்லை. ஒரு நாள் கோழி போனது. பதிவில் கிடைத்தது ஒரு வால் நுனி மட்டும். சிறுத்தையா, காட்டுப்பூனையா என்று வீட்டில் இன்றைக்கும் சண்டை. கேட்டில் பைக் வந்தால் நம்பர் தெரியவே தெரியாது.

சரி, எல்லோருக்கும் சமபங்கு வேண்டாம் என்று முடிவு செய்து, கேட்டுக்கு மட்டும் தனிக் கார்டு போட்டேன். அங்கே 25 பிரேமும் வருகிறது. மீதி மூன்றுக்கும் வரிசை கொஞ்சம் சுருங்கியது. மூடுபனி இறங்கினால் அகச்சிவப்பு விளக்கு பனியிலேயே பட்டுத் திரும்பி எல்லாம் வெள்ளையாகிவிடும். அதற்குக் கார்டைக் குறை சொல்ல முடியாது.

இப்போது கவலை வேறு: இந்தக் கார்டு செருகும் பிசிஐ ஸ்லாட் புது மதர்போர்டுகளில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பழைய இரும்புக் கடையில் இரண்டு போர்டு வாங்கி அட்டத்தில் போட்டு வைத்திருக்கிறேன்.